அண்ணன் முறை

"என்ன சார், வாசல்லயே நின்னுட்டீங்க? முதல் கேஸ்னா எல்லாருக்கும் அப்படித்தான். தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க" என்றார் வக்கீலம்மா.

டம்ளரை வாங்கிக்கொண்ட ஜூனியருக்கு வயது அறுபத்தொன்று. உயிருக்குப் பயந்து வேறு நாட்டிலிருந்து ஓடி வந்து, இங்கே தங்க அனுமதி கிடைக்காமல் தவிப்பவர்களுக்காக இலவசமாக வழக்கு நடத்தும் அலுவலகம் அது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவர், பயிற்சிக்கென்று அங்கே வந்து சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

மகள் வயது வக்கீலம்மாவுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். ஃபைல்களுக்கு நம்பர் போடுவார். யாரோ கிண்டலுக்கு 'ஜூனியர்' என்று கூப்பிடப் போய், அதுவே பெயராக நிலைத்துவிட்டது. முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "பேப்பர் தள்ளுற வேலைதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள். சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"பதினோரு வருஷம் யார் கண்ணுலயும் படாம இருந்துட்டேம்மா. போன வாரம் பிடிச்சுட்டாங்க. இருபத்தெட்டு நாளுக்குள்ள கிளம்பணுமாம். அங்க போனா, என் வீட்டுக்காரரைக் கொன்னவங்க என்னையும் விட மாட்டாங்க. பொண்ணு நாலு வயசுல இங்க வந்தா. இப்ப பத்தாவது படிக்கிறா. அவளுக்கு அந்த ஊர் பேச்சுகூட மறந்துபோச்சு."

பிளாஸ்டிக் கவரிலிருந்து எட்டாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். பதினோரு வருடங்களுக்கு முன், இங்கே தங்க அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனுவைத் தள்ளுபடி செய்த உத்தரவு.

"நீங்க வாசிங்க சார், நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றார் வக்கீலம்மா.

ஜூனியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரி தேய்ந்து வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் எங்கும் தடுமாறாமல் வாசித்தார். "மனுதாரர் தமக்கு உடன்பிறந்தோர் எவருமில்லை என்று படிவத்தில் எழுதியுள்ளார். விசாரணையிலோ, தம்மையும் குழந்தையையும் ஊரைவிட்டு அனுப்பிவைத்தது தம் அண்ணன் என்று கூறுகிறார். இவர் சொல்லும் எதையும் நம்புவதற்கில்லை."

"கூடப் பொறந்தவங்க எனக்கு யாரும் இல்லம்மா!" என்றாள் அந்தப் பெண். "பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறைன்னு தெளிவாச் சொன்னேன். நடுவுல இருந்து மொழிபெயர்த்தவருக்கு நம்ம பேச்சே அரைகுறை. முன்னாடி சொன்னத முழுங்கிட்டு, அண்ணன்னு மட்டும் சொல்லியிருக்கார்."

"அதிகாரிக்கே நம்ம பேச்சு தெரிஞ்சிருந்தாலும், மொழிபெயர்க்கிறவர் சொல்றத மட்டும்தான் எழுதிக்கணும். சட்டம் அப்படி" என்றார் வக்கீலம்மா. "அன்னைக்குப் பேசினதோட ரெக்கார்டிங் இருக்கான்னு, நீங்க போன் பண்ணினதுமே நேத்து விசாரிச்சேன். ஏழு வருஷத்துக்கு மேல வச்சுக்க மாட்டாங்களாம், அழிச்சாச்சு. அந்த மொழிபெயர்ப்பாளரும் போய்ச் சேர்ந்துட்டார்."

உத்தரவின் கீழே பெயர் எதுவும் இல்லை. ஒரு எண்ணும் அதன்மேல் ஒரு கிறுக்கலும்தான்.

"விசாரிச்சவர் எப்படி இருந்தார்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அவர் மூஞ்சிய நான் எங்கம்மா பார்த்தேன்? தலையே நிமிரல. அவர் பேனா ஓடுறதத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். எழுதுறாரே, நல்லதாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சார், இதுல ரெண்டு காப்பி எடுத்துட்டு வாங்க."

ஜூனியர் கடிதத்தோடு மெஷின் பக்கம் போனார். இரண்டு தாள்களும் வெளியே வந்து விழுந்து, மெஷின் ஓய்ந்த பிறகும் அங்கேயே நின்றார். அப்புறம்தான் தாள்களை அள்ளிக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தார்.

"மறைக்காம சொல்லிடறேம்மா" என்று வக்கீலம்மா பேசிக்கொண்டிருந்தார். "அந்த ரூம்ல இருந்தது மூணே பேர். உங்க வார்த்தைய மட்டும் வச்சுக்கிட்டுக் கோர்ட்ல நிக்க முடியாது. இனி அந்த அதிகாரியே வந்து, 'இவங்க சொன்னது சரி, நான் எழுதினதுதான் தப்பு'ன்னு சொன்னாத்தான் உண்டு. எவன் வருவான்? தெரிஞ்சே தப்பா எழுதினேன்னு ஒத்துக்கிட்டா அவன் கம்பி எண்ணணும்."

அந்தப் பெண் காலிப் பிளாஸ்டிக் கவரை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரைச் சொல்லிக் குத்தம் இல்லம்மா" என்றாள். "எனக்கு அவர்மேல கோவம்கூட இல்ல. அவர் வேத்து ஆளு. அண்ணன்னா என்ன, அண்ணன் முறைன்னா என்னன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

ஜூனியர் தாள்களை மேஜைமேல் வைத்தார். உட்காரவில்லை.

"தெரியும்மா. அன்னைக்கு உங்கள விசாரிச்சவன் நான்தான்."