மலர்வளையம் விழுந்த இடம்

எஞ்சினை நிறுத்தச் சொல்லி அதிகாரி கை காட்டினார்.

அவன் நிறுத்தவில்லை.

"இன்னும் வரல்ல" என்றான்.

மட்டக்களப்புக் கரை மேற்கே ஒரு கோடாகச் சிறுத்திருந்தது. படகின் முன்பக்கம் வெள்ளைச் சீருடையில் கடற்படை அதிகாரி. நடுவில், மடியில் மலர்வளையத்தோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவளுக்கு மொழிபெயர்க்க ஹோட்டலிலிருந்து வந்த சுதேஸ், விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"மச்சான், மெல்லமா விடுடா. திண்டதெல்லாம் வெளிய வரப்போகுது."

"சத்தி எடுக்கிறதெண்டா கடலுக்க எடு. அந்த மனிசிட சட்டையில எடுத்திராத."

இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்திய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கடலில்தான் கிடக்கிறது. கிழவியின் தகப்பன் அதோடு போனவன். ஒவ்வொரு வருசமும் யாராவது பூவோடு வருவார்கள். ஒவ்வொரு வருசமும் அவன்தான் படகோட்டி.

குடும்பிமலையின் முடி வெளிச்சவீட்டுக்கு நேர் பின்னால் வந்தால், கீழே கப்பல். இந்தக் கரையில் மீன்பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

மலை நேரே வந்தது.

அவன் வேகத்தைக் கூட்டினான்.

மலை வெளிச்சவீட்டை விட்டு விலகியது. இன்னும் விலகியது.

பிறகுதான் எஞ்சினை நிறுத்தினான்.

அதிகாரி எழுந்து நின்று தாளை விரித்தார். கப்பல் எங்கே கட்டப்பட்டது, எந்தெந்தக் கடல்களில் ஓடியது, எத்தனை விமானங்களைச் சுமந்தது, எந்தக் காலையில் தாழ்ந்தது. வருசாவருசம் கேட்டு அவனுக்கே பாதி பாடம்.

இரும்புக்குப் பிறந்த நாள் இருந்தது. செத்த நாள் இருந்தது. வாசிக்க ஆள் இருந்தது.

பிறகு வந்த உள்நாட்டு யுத்தத்தில், அவனுடைய தம்பியின் தோணி இந்த இடத்தில்தான் ஆளில்லாமல் மிதந்தது. பக்கப் பலகையில் துவக்குச் சூட்டுத் துளைகள். கரைக்கு இழுத்து வந்தார்கள். அதோடு சரி.

அம்மா பூத்தட்டோடு கடற்கரைக்குப் போனாள். துவக்கோடு நின்ற கடற்படைக்காரர்கள் தட்டைப் பறித்தார்கள். பூப் போட அனுமதி எடுத்தாயா என்று கேட்டார்கள். அடுத்த வருசமும் போனாள். அதே கேள்வி. அதற்கடுத்த வருசம் அவள் இல்லை.

"தொப்பியக் கழட்டு" என்று வருசாவருசம் போலச் சொல்லிக்கொண்டே அதிகாரி அவன் பக்கம் திரும்பினார்.

இந்த ஒரு வருசம் அவன் முதலிலேயே கழற்றி வைத்திருந்தான்.

கிழவி குனிந்து வளையத்தை விட்டாள். சிவப்புக் காகிதப் பூக்கள். "டாடி" என்றாள். அது அவனுக்கு விளங்கியது. அவளுக்குச் செய்வது வஞ்சகம் என்றும் விளங்கியது. தெரிந்துதான் செய்தான்.

அதிகாரி விறைத்து நின்று சலூட் அடித்தார்.

அடி. நல்லா அடி.

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"எவ்வளவு ஆழத்தில கிடக்காரெண்டு கேக்கிறா" என்றான் சுதேஸ்.

"தெரியா. ஆரும் தேடல்ல."

மொழிபெயர்க்கத் திறந்த வாயை சுதேஸ் மூடிக்கொண்டான். கரையைப் பார்த்தான். மலையையும் வெளிச்சவீட்டையும் பார்த்தான். அன்றைக்குத் தம்பியின் தோணியைக் கட்டி இழுத்து வந்தவர்களில் சுதேஸும் ஒருத்தன்.

"டேய். கப்பல் இதில இல்லயே" என்று கிசுகிசுத்தான்.

"இல்லதான். போய்ச் சொல்லு."

அதிகாரியிடம் சொன்னால் படகு பறிபோகும். உள்ளே வைப்பார்கள். வைக்கட்டும்.

சுதேஸ் கிழவியின் காதருகே குனிந்து இங்கிலிசில் பேசினான். நீளமாகப் பேசினான். அவள் முகம் இறுகியது. தண்ணீரில் தள்ளிப்போகும் வளையத்தைப் பார்த்தாள். பிறகு, முதுகு காட்டித் தாளை மடித்துக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்தாள்.

கூப்பிடப் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பி இரண்டே சொல் கேட்டாள்.

சுதேஸ் அவன் பக்கம் குனிந்தான். "உன்ட தம்பிட பேரக் கேக்கிறா."

"கிருபைராசா."

அதிகாரி திரும்பினார். "என்ன?"

அவன் எழுந்து நின்றான். இன்னொரு தரம், கரைக்கே கேட்கிற மாதிரி, சொன்னான்.