தங்கப்பொண்ணு வீட்டை விற்கவில்லை

“சாயங்காலம் பார்ட்டி அட்வான்ஸோட வாராருக்கா. இப்பப் போயி வேணாம்னா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோயி வைப்பேன்?”

அழகுபாண்டி இப்படிக் கேட்டபோது தங்கப்பொண்ணு கிரைண்டரைக்கூட நிறுத்தவில்லை.

“வேணாம்னா வேணாந்தான் தம்பி. வீட்டை விக்கல.”

அழகுபாண்டி ஆனையூர்ப் பக்கம் வீட்டு புரோக்கர். தங்கப்பொண்ணு வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறான். குடியிருக்கிற வீட்டையே விற்றுக் கொடுக்கக் கிளம்பிய புரோக்கர் மதுரையிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். ஆனால் பேச்சை ஆரம்பித்தவளே அவள்தான். “நல்ல வெல வருதாமே தம்பி, ஒரு பார்ட்டியப் பாரு. வித்துட்டு வாடிப்பட்டியில மகன் பக்கத்துல போயி இருந்துக்கிறேன்” என்று போன மாதம் சொன்ன வாய் இது.

அவனும் நாயாய் அலைந்தான். ஆனையூரில் இடம் வாங்க ஆட்கள் நீ முந்தி நான் முந்தி என்று நிற்கிற காலம். கடைசியில் ஒரு பில்டர் சிக்கினார். தெருவில் யாருக்கும் கிடைக்காத விலை சொன்னார். மாதக் கடைசிக்குள் காலி செய்து தர வேண்டும், உடனே இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டுவார், அது ஒன்றுதான் நிபந்தனை. தங்கப்பொண்ணும் சரி என்று தலையாட்டினாள். போன வாரம் திடீரென்று மாறிப்போனாள். எப்படியும் மனசு திரும்பிவிடுவாள் என்று நம்பி அவன் பில்டரிடம் சொல்லாமலே இருந்துவிட்டான்.

“இன்னுங் கொஞ்சம் கூட வேணுமாக்கா? மனசுல இருக்கதச் சொல்லுங்க, பேசிப் பாக்குறேன்.”

“அவரு குடுக்குறதே அதிகம்.”

“வேற புரோக்கர் எவனும் வந்து மனசக் கலைச்சானா?”

தங்கப்பொண்ணு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். “ஒங்கிட்டக் குடுத்த வேலைய இன்னொருத்தங்கிட்டக் குடுப்பேனா நானு?”

கொடுக்க மாட்டாள். அது அவனுக்கும் தெரியும். புருஷன் போன பிறகு ஒற்றை கிரைண்டரை வைத்து, தெருவுக்கே இட்லி மாவு விற்று எழுப்பிய வீடு இது. ஒரு நாள் ஒரு பொழுது அந்த மாவில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியிருப்பாளா? அப்படிப்பட்ட மனுஷி எப்படிச் சொன்ன சொல் மாறினாள் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

“எனக்கு இது வெறும் கமிஷன் இல்லக்கா. சுபாவுக்கு வைத்தியம் பாக்க இதத்தான் நம்பியிருக்கேன். ஒங்களுக்கே தெரியும்.”

“தெரியும் தம்பி.”

கல்யாணமாகி வெகுகாலமாகிவிட்டது. சுபலட்சுமிக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனது. அவளாவது அழுது தேறினாள். இவன்தான் வேலைக்கே போகாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து கிடந்தான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், “அதுக்கென்ன அவசரம், பொறுங்க” என்கிறாள். பாவம், நம்பிக்கை விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் பில்டரின் கார் வந்து நின்றது. தங்கப்பொண்ணு கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்கங்க சார். தம்பி மேல தப்பில்ல. நாந்தான் சொல்லு மாறுனேன்.”

“இன்னுங் கொஞ்சம் போட்டுத் தாரேம்மா.”

“பணத்துக்கு இல்ல சார். வருசக் கடைசியில வாங்க, இதுல பாதிக்குக் கேட்டாலும் பேசுவோம். இப்ப ஆகாது.”

“அப்ப வந்து நான் என்ன செய்யப் போறேன்? பின் தெருவுல ஒரு இடம் இருக்கு, இன்னைக்கே முடிச்சிருவேன்.”

“நல்லபடியா முடிங்க சார்.”

கார் போய்விட்டது. இனி அப்படி ஒரு விலை வருமா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். அவள் முகத்திலோ ஒரு சுருக்கம் இல்லை. வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் அந்த நெஞ்சுரத்தை அழகுபாண்டியால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. மெச்சி என்ன செய்ய, கமிஷன் போனது போனதுதானே. கோபம்தான் கடைசியில் ஜெயித்தது.

“நல்லாருங்கக்கா. ஒங்க வீட்ல நீங்களே இருங்க. காளவாசல் பக்கம் ஒரு வீடு சும்மாதான் கெடக்கு. இப்பவே சுபாவச் சாமான் கட்டச் சொல்றேன்.”

படியேறப் போனவனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள் தங்கப்பொண்ணு.

“நில்லு தம்பி. மாசமா ஒருத்தி இருக்கப்ப யாராச்சும் வீட்ட இடிக்கக் குடுப்பாகளா? மூணு மாசம் முடியுற வரைக்கும் மூச்சு விடாதீகன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. அதான் வாயத் தெறக்கல.”

அழகுபாண்டிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாடிப்பட்டி மருமகளுக்காகவா இந்த மனுஷி இம்புட்டுப் பணத்தை வேண்டாம் என்றாள்? இதில் எங்கே கோபப்படுவது? அவனுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

“மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்த பேசியிருப்பேனாக்கா? ஒங்க மருமகளுக்கு நல்லபடியாப் பொறக்கட்டும். எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. சரி, நாங்க காளவாசலுக்கே போயிக்கிறோம்.”

தங்கப்பொண்ணு சட்டையை விடவில்லை. மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சத்தியமாவது ஒன்றாவது என்று நினைத்தவளாய்க் குரலைத் தணித்துச் சொன்னாள்.

“எம் மருமக இல்ல தம்பி, ஒம் பொண்டாட்டி.”