லிஷாவுக்கு ஏற்ற விளையாட்டு

பாறசாலைப் பள்ளி மைதானத்தின் செம்மண்ணில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கோ-கோ வரிசையில் குந்தியிருக்கும் விரட்டும் அணியினர், முதுகில் கை பட்ட பிறகே எழ வேண்டும். லிஷாவோ மறுபடியும் முன்னதாகவே எழுந்து ஓடிவிடுகிறாள். விசில் ஒலிக்கிறது. மகளின் சிறிய செருப்புகளைக் கையிலெடுத்துக்கொண்டு அம்மா பிஜி, பயிற்சியாளர் சோமன் சாரிடம் தயங்கி வருகிறார்.

"சாரே, ஏதாவது விளையாட்டுல விடணும்னு டாக்டர் சொன்னதாக்கும். இவளுக்கு ஒரு இடத்துல இருக்க முடியாது. செஸ்ஸுல இருந்தும் திருப்பி அனுப்பியாச்சு. நாங்க போவட்டா?"

"எங்க போறிய? விரட்டுறவங்கதான் குந்தி இருக்கணும். இவ மற்ற பக்கம், ஓடுறவங்க கூட நிக்கட்டும்." சோமன் சார் லிஷாவிடம் குனிகிறார். "மக்கா, பிடி குடுக்காம ஓடு."

எந்தச் சாரும் இதுவரை அவளை ஓடச் சொன்னதில்லை. லிஷா சந்தேகத்துடன் அம்மாவைப் பார்க்கிறாள். பிஜி செருப்புகளை மெதுவாகத் தரையில் வைக்கிறார்.