நர்மதாவுக்கு வந்த உதவித்தொகை

மேடையில் நர்மதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் கைதட்டியது. தேசம்மாள் மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

காசிமேட்டு அரசுப் பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கல்வித் துறை அதிகாரி ஒருவர் வந்து, பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒதுக்கிய உதவிகளைத் தன் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் மிஷின். அதற்கெல்லாம் தேசம்மாளும் தட்டினாள்.

நர்மதாவோடு அவள் அம்மா பவுனம்மாளும் மேடையேறியபோதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

நர்மதா சுமாராகப் படிப்பவள். தேசம்மாளின் மகள் மோனிஷாதான் பிளஸ் டூவில் எப்போதும் முதல். இரண்டு பேருக்குமே நர்சிங் படிக்க ஆசை. இனி நர்மதா படித்துவிடுவாள். மோனிஷா, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனியில் இறால் உரிக்க வேண்டியதுதான்.

அதிகாரி நீட்டிய உறையை வாங்கும்போது பவுனம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

‘நடிக்கிறா பாரு’ என்று நினைத்துக்கொண்டாள் தேசம்மாள்.

ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோழிகள். ஒருத்தி வைத்த குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. இந்த ஒரு வருஷமாகத்தான் பவுனம்மாளுக்கு எது நடந்தாலும் தேசம்மாளுக்குக் கண்ணை உறுத்துகிறது. அவள் வீட்டுக்குத் தாசில்தார் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. தெருவே அவளுக்கு மாற்றி மாற்றிச் சோறு ஆக்கிப் போட்டது. அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்துக்கு மேல் எரியும் சின்னச் சிவப்பு பல்பு. அதைப் பார்த்தால்கூடப் பொறாமையாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் அவளை இடித்தாள்.

“கை தட்டும்மா. பாவம், அப்பன் இல்லாத பொண்ணு. உன்னாட்டம் பூவும் பொட்டுமா கீற குடுப்பினை எல்லாருக்குமா வரும்?”

தேசம்மாள் இரண்டு தட்டுத் தட்டினாள்.

விபத்தில் தகப்பனைப் பறிகொடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான படிப்பு உதவி அது. பவுனம்மாளின் புருஷன் கோதண்டம் போன வருஷம் படகு கவிழ்ந்து கடலோடு போனான். அதே படகில்தான் தேசம்மாளின் புருஷன் வேம்புலியும் போனான். கோதண்டத்துக்கு இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. வேம்புலி அரசாங்கக் கணக்கில் இன்னும் காணாமல் போனவன்தான்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை ஃபிர்தௌஸ் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“மோனிஷாவுக்கும் வாங்கித் தரப் பார்க்கறேம்மா. ஆனா அவர் இறந்துட்டார்னு முதல்ல நீங்க ஒத்துக்கணும். அப்பதான் நான் மேல பேச முடியும்.”

“அவரு வந்துருவாரு டீச்சர்.”

தேசம்மாள் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

வாசலுக்கு வந்தபோது வேப்பமரத்தடியில் பவுனம்மாள் தனியாக நின்றிருந்தாள். தேசம்மாள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். பவுனம்மாள் வழியை மறித்துக்கொண்டாள்.

“வர்ற துட்டுல பாதி மோனிஷாவுக்கு, தேசு. ரெண்டும் ஒண்ணா படிக்கட்டும்.”

“எதுக்குடி?”

பவுனம்மாள் கையிலிருந்த உறையை அவளிடம் நீட்டினாள்.

எதற்கென்று தேசம்மாளுக்குத் தெரியாமலா இருக்கும்?

எண்ணூர்க் கரையில் ஒதுங்கியது ஒரே ஒரு உடல். அடையாளம் காட்ட இரண்டு பேரையும்தான் பிணவறைக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் உள்ளே போனவள் தேசம்மாள். முகத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. காலைப் பார்த்தாள். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. வலை இழுக்கும் மிஷினில் சிக்கி வேம்புலிக்கு அந்த விரல் போனபோது தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டவள் அவள். அதற்கு வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் பவுனம்மாள்.

“இவரு எங்க வூட்டுக்காரு இல்ல சார்” என்று சொல்லிவிட்டு தேசம்மாள் வெளியே வந்தாள்.

அடுத்து உள்ளே போன பவுனம்மாள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். வந்து, தேசம்மாளின் முகத்தைப் பார்க்காமல், “எங்க வூட்டுக்காருதான் சார்” என்றாள்.

கோதண்டத்தின் பெயரைச் சொல்லித்தான் அடக்கம் பண்ணினார்கள். தெருவே திரண்டு போனது. தேசம்மாள் தன் வீட்டுக் கதவருகில் நின்று பாடை போவதைப் பார்த்தாள்.

இருவரும் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

“தேசு...” என்றாள் பவுனம்மாள் மறுபடியும்.

“அது உங்க வூட்டுக்காரு உயிர வுட்டு வந்த துட்டு, பவுனு. நர்மதாவுக்கே இருக்கட்டும்.”

அவ்வளவுதான். பவுனம்மாள் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாரோ ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள்.

நின்று பார்த்துக்கொண்டிருந்த தேசம்மாளுக்கு அந்த அழுகை மேலும் பொறாமையாக இருந்தது.