படிக்கட்டு அட்டை

இதை முதலில் சொன்னவள், வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊருக்கு மீன்வண்டி கொண்டுவரும் நெட்டி சிம். வாய் நீளமே தவிர, பொய் சொல்பவள் அல்ல.

நவம்பர் மாதம். சலவைக்கூடத்து வேலை முடிந்து, எஃபி கின்னியர் மூன்று மாடி ஏறி வந்தாள். கதவுப் பிடியில் அட்டை இல்லை.

‘இந்த வாரம் படிக்கட்டு கழுவுவது உங்கள் முறை’ என்று அச்சடித்த அட்டை அது. அச்சடித்த நகரசபையும் போய்விட்டது. ஊரைப் பிழைக்கவைத்த நார்த்துணி ஆலையும் மூடியாயிற்று. அட்டை மட்டும் மேல்மாடியின் இரண்டு கதவுகளுக்கிடையே வாரந்தோறும் மாறிக்கொண்டிருந்தது.

இந்த வாரம் எஃபியின் முறை. அட்டையோ எதிர்க்கதவில் தொங்கியது.

தட்டினாள். கிரிசல் ராட்ரே ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“மிஸஸ் ராட்ரே, இந்த வாரம் என் முறை.”

“தெரியும். நானே கழுவிக்கிறேன். போன தடவை கழுவிட்டு, படி ஓரத்துல நீங்க சுண்ணக்கட்டியால போட்ட வெள்ளைக் கோட்டைப் பாத்தீங்களா? குடிச்சவன் நடந்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது.”

“முப்பது வருஷமாப் போடுற கோடு!”

“அதுக்காக இன்னும் முப்பது வருஷம் நான் பாத்துக்கிட்டிருக்கணுமா? மானம் போகுது. போங்க, போய் வீட்டுக்காரரைக் கவனிங்க.”

கதவு சாத்தப்பட்டது.

திருடி என்றால்கூட இந்த ஊர் ஒரு வருடத்தில் மறந்துவிடும். படி கழுவத் தெரியாதவள் என்ற பெயர் கல்லறை வரைக்கும் கூட வரும். எஃபிக்கு அழக்கூடத் தெம்பில்லை. உள்ளே கணவர் ஹியூ இருமிக்கொண்டிருந்தார். ஆலைத் தூசு நெஞ்சில் தங்கிவிட்ட இருமல். அவரைத் தூக்கி உட்காரவைத்து, பார்லி சூப் ஊட்டி, படுக்கை விரிப்பை மாற்றினாள்.

அட்டை பிறகும் வரவில்லை. குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் கிரிசலைத் தாண்டி இறங்கும்போதெல்லாம், “ஓரமாப் போங்க, ஈரம்” என்ற அதட்டல் மட்டும் வரும். பறிபோன முறைகளை எஃபி ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். ஒன்பது. மீன்வண்டிப் பக்கமே போகவில்லை. அங்கே நிற்பவர்கள் சிரிப்பார்களே.

மார்ச்சில் ஹியூ போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறு திங்கட்கிழமை, அட்டை எஃபியின் கதவில் தொங்கியது.

‘ஈவு இரக்கமில்லாத கிழவி’ என்று நினைத்தபடியே கழுவினாள்.

அந்த வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல் மீன் வாங்கப் போனாள்.

“எஃபி, உன் உடம்பு என்ன இரும்பா?” என்றாள் நெட்டி, மீனை எடை போட்டபடி. “சீக்காளியையும் பாத்துக்கிட்டு, ஒரு முறைகூடத் தவறாமப் படி கழுவினியாமே!”

“யார் சொன்னது?”

“வேற யாரு, மிஸஸ் ராட்ரேதான். குளிர்காலம் பூரா இங்க நின்னு எல்லார்கிட்டயும் அதே பாட்டு. ‘எஃபி போடுற கோடு கட்டை வச்சு இழுத்த மாதிரி இருக்கு’ன்னு.”

எஃபி மீனை வாங்கிக்கொள்ள மறந்து நின்றாள். ‘உதவி’ என்று சொல்லிக்கொண்டு கிரிசல் வந்திருந்தால், எஃபி கதவையே திறந்திருக்க மாட்டாள். அது கிரிசலுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அட்டை எதிர்க்கதவுக்குப் போகவில்லை. கிரிசல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து தட்டினாள்.

“என் அட்டை எங்க?”

“இங்கயே இருக்கட்டும், மிஸஸ் ராட்ரே. உங்க கோடு குடிச்சவன் நடந்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. மானம் போகுது.”



“அந்த நெட்டியோட வாயைத் தைக்கணும்” என்று முனகியபடி கிரிசல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அட்டை மறுபடி எதிர்க்கதவுக்குப் போனபோது ஆகஸ்ட் பிறந்திருந்தது. அதற்குள் கிரிசலுக்காக எஃபி கழுவித் தீர்த்த முறைகள், சரியாக ஒன்பது.