சலீமுக்கு அடுத்த குழாய்

குத்தாலிங்கம் அண்ணாச்சி ரிப்போர்ட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து ஒரு தடவை படித்தார். கிட்டத்தில் கொண்டுவந்து இன்னொரு தடவை படித்தார்.

மூன்று மாதச் சராசரி, ஐந்து புள்ளி நாலு.

சர்க்கரை இல்லை. வரப்போகிறது என்கிற பேச்சும் இல்லை.

நல்ல சேதி சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று நம்பித்தான் இந்த லேப் கவுண்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது.

"ஏம்மா பானு, அப்போ ரெண்டு வருசமா ஆறு புள்ளி மூணுன்னு தந்தியளே, அது யாரு சர்க்கரை?"

கேள்வி நியாயமானது. பதிலும் என்னிடம் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் மெஷினுக்குள் தலைமுடி கனத்தில் எட்டுக் கண்ணாடிக் குழாய்கள் உண்டு. டோக்கன் வரிசைப்படி எட்டுப் பேருடைய ரத்தம் அதில் ஏறும். கரண்ட் அதை ஓட்டும். ஒவ்வொரு குழாயிலும் ஓரிடத்தில் வெளிச்சம் பாய, எதிரே ஒரு கண் இருந்து, எது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும்.

அந்தக் கண்ணுக்குக் கொஞ்சம் எட்டிப் பார்க்கிற புத்தி. தன் குழாயைப் பார்த்ததோடு நிற்காமல், முந்தின குழாயையும் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறது. அதில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தால், கொஞ்சத்தை இந்த ஆள் தலையிலும் கட்டியிருக்கிறது.

போன வாரம் கம்பெனி ஆள் வந்து கண்களுக்கு நடுவே தடுப்பு வைத்தார். கம்ப்யூட்டரிலும் எதையோ மாற்றிவிட்டுப் போனார். ரிப்போர்ட் சந்தேகமானவர்களை எல்லாம் நாங்களே கூப்பிட்டு, காசு வாங்காமல் மறுபடி ரத்தம் எடுத்தோம்.

இதை நான் பக்குவமாகத்தான் சொன்னேன்.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

அங்கே முகம்மது சலீம் அண்ணாச்சி கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்தே இருவரும் ஒரே பெஞ்ச். டெஸ்டுக்கும் சேர்ந்துதான் வருவார்கள். சலீம் அண்ணாச்சி சவூதியிலிருந்து திரும்பும்போது பெட்டிகளோடு சர்க்கரையையும் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கு ஒன்பதுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. சொன்னால், மாத்திரை பின்னே எதுக்கு இருக்கு என்பார்.

"ஏலே சலீமு! நீ தின்ன பரோட்டாவுக்கா நான் பட்டினி கெடந்தேன்?"

அண்ணாச்சி கத்தியதில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை உதறிவிட்டார்.

பாவம், கோபம் வரத்தான் செய்யும். மாத்திரை வேண்டாம், வாயைக் கட்டுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கட்டின வாயை அவர் அவிழ்க்கவில்லை. புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் பரோட்டாவும் கோழியும் என்றால் அவருக்கு உயிர். இந்த இரண்டு வருடமும் அங்கே சலீம் அண்ணாச்சி தின்ன, எதிரே பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயாவோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அருவியில் குளித்துவிட்டு வருகிற பசிக்குக் கொள்ளுக் கஞ்சி குடித்த மனிதர். சட்டை தோளில் சும்மா தொங்குகிறது.

"கூட்டாளின்னா எல்லாத்தையும் பங்கு போடணும்லாலே" என்ற சலீம் அண்ணாச்சிக்குச் சிரித்துச் சிரித்து மிட்டாய் புரையேறிவிட்டது.

சிரிக்காமல் நின்றது அண்ணாச்சியின் மனைவி இராமலட்சுமி அக்கா மட்டும்தான்.

எனக்கு அந்த அக்கா மேல் தனி மதிப்பு. எங்கள் வாசலில் முதல் டோக்கனுக்கு ஆட்கள் முட்டி மோதுவார்கள். இவர் மட்டும், நீங்க மொதல்ல எடுங்க அண்ணாச்சி என்று சலீம் அண்ணாச்சிக்கு விட்டுக்கொடுத்து, அடுத்ததைத்தான் புருஷனுக்கு எடுப்பார். ஒரு தடவை சலீம் அண்ணாச்சி கொல்லத்துக்குப் போய்விட்டார் என்று, அவர் திரும்பும்வரை டெஸ்டையே தள்ளிப்போட்டார். இப்படி மரியாதை தெரிந்த குடும்பம் உண்டா என்று என் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பத்தியம் இருந்ததால்தான் குறைந்திருக்கிறது, விட்டால் ஏறிவிடும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? அண்ணாச்சி ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். இந்நேரத்துக்குப் பரோட்டாக் கல் சூடாகியிருக்காது என்றார் சலீம் அண்ணாச்சி. சூடாகும்வரை உட்கார்ந்திருப்போம் என்றார் இவர். ஸ்கூட்டர் செங்கோட்டை ரோட்டில் திரும்புகிறவரை அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

பிறகு உள்ளே வந்து, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒதுங்கி, கோயம்புத்தூரில் இன்ஜினியராக இருக்கிற மகளுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி அபர்ணா, ஒங்க கம்பெனி மெஷின்ல பக்கத்துக் குழா இந்தக் குழாவுல தெரியுது, எப்படிச் சரி பண்ணப் போறேனோன்னு ஞாயித்துக்கெழம தவறாமப் பொலம்புவியே, பண்ணிட்ட. ரொம்பச் சந்தோசம். ஒங்க பெரியப்பா ரெண்டு பேரும் சர்க்கரையாலயே அறுபதப் பாக்கல. இனி ஒங்கப்பாவ நீயே வந்து பாத்துக்கோ."

நான் கையிலிருந்த டோக்கன் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவுண்டருக்கு வந்தார். யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஏம்மா பானு, கடையத்து லேப்லயும் இதே மெஷினுதானே? அங்கன இன்னும் சரி பண்ணலையே?"