செகண்ட் கியர் சத்தம்

"வண்டி எப்படி இருந்தாலும் சரி, நான் காதைத் தடவுனா, 'கியர் பாக்ஸ் போச்சு'ன்னு சொல்லிரணும் சேரா. வெல தானா எறங்கும்லா."

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து, மெக்கானிக் சேரனிடம் வழியெல்லாம் இதையே படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். பழைய வண்டி விற்கிறவன் எவனும் யோக்கியன் இல்லை என்பது அவர் கட்சி. அதனால் பொய் சொல்லப் போகிறோமே என்ற உறுத்தலெல்லாம் அவருக்கு இல்லை.

கோட்டூர்புரம் குடியிருப்பு வாசலில் விலைக்கு வந்திருந்த 'குட்டி யானை' சரக்கு வண்டி கழுவித் துடைத்து நின்றது. மூட்டு தேய்ந்து இனி ஓட்ட முடியாது என்றாகிவிட்ட பொன்னுரங்கம் சாவியை நீட்டினார்.

"நல்லா ஓட்டிப் பாத்துக்கோங்க சார். அப்பால குறை சொல்லக் கூடாது பாருங்க."

சேரன் பாலம் வரை போய்த் திரும்பினான். இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. காரியம் கெட்டுவிடப் போகிறதே என்று இசக்கிமுத்து அவசரமாகக் காதைத் தடவினார்.

சேரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"செகண்ட் கியர்ல சத்தம் வருதுங்க. கியர் பாக்ஸ் போச்சு."

பொன்னுரங்கம் எகிறுவார், பேரம் பேசலாம் என்று காத்திருந்தார் இசக்கிமுத்து. அவரோ வீட்டுப் பக்கம் திரும்பி, "ஜோதி, இங்க வா" என்றார்.

இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். நக இடுக்கெல்லாம் கிரீஸ் கறை.

"நீதானே போன மாசம் கியர் பாக்ஸ இறக்கி வேல பாத்தே? ஐ.டி.ஐ. படிச்சு கிழிச்சது இதானா? வெளி ஆளுங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே."

"நல்லாத்தானே நைனா ஓடிக்கினு இருந்துச்சு..."

"அப்போ அவரு பொய்யா சொல்றாரு?"

இசக்கிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் தலை நிமிர்ந்துவிடுவாள். ஆனால் குறையப்போகிற பதினைந்தாயிரம் வாயைக் கட்டிப்போட்டது.

"கொறச்சே குடுங்க சார்" என்றார் பொன்னுரங்கம். குரல் இறங்கியிருந்தது.

"இப்டியே குடுக்க வேணாம் நைனா" என்றாள் ஜோதிலட்சுமி. "ரெண்டு நாள் டைம் குடுங்க சார். பிரிச்சுப் பாத்து சரி பண்ணி, நானே கடைக்குக் கொண்டாறேன்."

தி.நகர் திரும்பி இறங்கும்போது சேரன் சொன்னான்.

"கியர் வெண்ணெ மாதிரி வுழுதுங்க. யாரோ பழுத்த கை செஞ்ச வேலைன்னு நெனச்சேன்."

அந்த இரண்டு நாளும் இசக்கிமுத்துவுக்குக் கல்லாவில் மனம் நிற்கவில்லை. போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை எடுத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை கடை வாசலில் வண்டி வந்து நின்றது. ஜோதிலட்சுமி இறங்கி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"மொத்தத்தையும் ரெண்டு வாட்டி பிரிச்சு மாட்டிட்டேன் சார். எனக்கு அந்த சத்தம் கேக்கவே இல்ல. தரமணி ஒர்க்‌ஷாப்புல வேலைக்குக் கூப்ட்டிருந்தாங்க. வரலைன்னு சொல்லிட்டேன். ஒரு சத்தத்தக்கூட கண்டுபுடிக்கத் தெரியாதவ அங்க போய் இன்னா பண்ணப் போறேன்?"

இசக்கிமுத்துவின் கை பழக்கத்தில் காதுப் பக்கம் போனது. சட்டென்று இறக்கிக்கொண்டார். இத்தனை வருஷ வியாபாரத்தில் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க இப்படி வெட்கப்பட்டதில்லை.

"இல்லம்மா... அந்த மெக்கானிக் வந்து..."

"அவரப் பத்திக் கேக்கத்தான் சார் வந்தேன். ஒரே ஒரு வாட்டி ஓட்டினதுலயே கண்டுபுடிச்சிட்டாரே. அந்த அண்ணன் கடை எங்க கீதுன்னு சொல்லுங்க சார். சம்பளமே வேணாம், அவராண்டதான் நான் தொழில் கத்துக்கணும்."